கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்

சென்ற மாதம் ஒரு காலை வேளையில் தாம்பரம் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடற்கரைக்குப் புறப்பட வேண்டிய மின்சார ரயில் பிளாட்பாரத்தில் வந்து முழுவதுமாக நிற்பதற்குள்ளாகவே, இருபது இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர், ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை விட்டு, கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்றை இருக்கையின்மேல் எறிந்துவிட்டு, வாசலை நோக்கி விரைந்தார். கைப்பேசியிலேயே பயணச்சீட்டு வாங்கிக்கொள்கிற இக்காலத்தில், இடம் பிடிக்கக் கைக்குட்டை எறிகிற வழக்கம் எப்போதோ ஒழிந்துபோயிருக்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். அந்தத் துணி இருக்கையில் விழுந்த மாத்திரத்தில், உத்தியோக நிமித்தமாக நாள்தோறும் அதே மார்க்கத்தில் போய்வந்த ஆண்டுகளும், என்னோடு நெருக்கியடித்துக்கொண்டு வந்த முகங்களும், அவர்களால் நேர்ந்த சங்கடங்களும், அச்சங்கடங்கள் தீர்ந்த விதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வரத் தொடங்கின.

அக்காலத்தில் ஜன்னல் வழியே உள்ளே போனது கைக்குட்டை மட்டுமன்று. மேல்துண்டு போகும், தினசரிப் பத்திரிகை போகும், சாப்பாட்டுப் பை போகும், குடையும் போகும். தமக்கு ஓர் இடம் பிடிப்பதோடு நில்லாமல், சானடோரியத்தில் ஏறப்போகிற நண்பருக்கும், குரோம்பேட்டையில் ஏறப்போகிற மைத்துனருக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்துக்கொண்டு, நிற்கிறவர்கள் யாராவது கேட்டால், “ஆள் வர்றாங்க சார்” என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்வையைத் திருப்பிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தார்கள். சில நாள் அந்த ஆள் வருவார். சில நாள் பல்லாவரம் தாண்டியும் வரமாட்டார். அதுவரையில் அந்த இடத்தில் ஒரு துண்டு மட்டும் சுகமாகப் பிரயாணம் செய்ய, கையில் குழந்தையோடு ஒருத்தி அதன் எதிரிலேயே நின்றுகொண்டு வருவாள்.

எங்கள் பெட்டியில் இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னவர், குரோம்பேட்டையில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்குகிற தமிழாசிரியர் ஒருவர். ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். தூய வெள்ளை வேட்டி, மேலே நாலாக மடித்த துண்டு, மழையில்லாத நாளிலும் ஒரு குடை. ஒருநாள் துண்டுக்கு உரியவரும் நிற்கிறவரும் குரலை உயர்த்திக்கொண்டபோது, அவர் இருவரையும் பார்த்து, “வண்டி நிற்கிற வரைக்கும் துண்டுக்கு மரியாதை. சக்கரம் சுழன்றுவிட்டால் நிற்கிற மனுஷருக்குத்தான் மரியாதை” என்றார். அதன் நியாயம் எல்லோருக்கும் அந்த நிமிஷமே புலப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் அதுவே சட்டமாக இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லிவிடுவார்; சண்டைக்கு இடமே இல்லாமற்போயிற்று.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனியின் நிர்வாகத்தில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய அந்த வண்டிகள்தாம், சுமார் முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மார்க்கத்தின் இருமருங்கிலும் ஊர்கள் பெருகுவதற்குக் காரணமாயின. மாம்பலத்தில் வீடு கட்டியவர்களும், பல்லாவரத்துத் தோல் பதனிடும் சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களும், குரோம்பேட்டையில் மலிவாக மனை வாங்கியவர்களும் இந்த வண்டியை நம்பியே அங்கங்கே குடியேறினார்கள். குறுகிய பாதையில் ஓடிய குறுகிய பெட்டிகளாகையால், கூட்ட நேரத்தில் எதிரே இருப்பவரின் மூச்சுக்காற்று நம் கன்னத்தில் படும். 2004-ஆம் ஆண்டோடு அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் நின்று, அகலப் பாதையில் அகலமான பெட்டிகள் வந்தபோது, நெருக்கடி தீர்ந்துவிடும் என்று நாங்களெல்லாம் மகிழ்ந்தோம். பெட்டிகளோடு ஜனங்களும் பெருகிவிட்டார்களாகையால், நெருக்கடி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் பிறருக்கு இடைஞ்சலாக நடந்துகொண்டவர்களை நான் கூர்ந்து கவனித்ததுண்டு. அவர்களில் பெரும்பாலோர் துஷ்டர்கள் அல்லர். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தம் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு வெறுந்தரையில் படுக்கக்கூடிய மனிதரே, ரயிலில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விருந்தாளிக்கு ஒரு பெயர் உண்டு, உறவு உண்டு, ஊர் உண்டு. ரயிலில் எதிரே நிற்பவருக்கு அவை ஒன்றுமில்லை. வெறும் கூட்டத்தில் ஒரு பகுதியாகவே அவர் கண்ணில் படுகிறார். யாராவது ஒருவர் வாய்திறந்து, “ஐயா”, “அம்மா”, “தம்பி” என்று ஓர் உறவு சொல்லி அழைத்துவிட்டால், அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு மனித முகம் வெளிப்பட்டுவிடுகிறது. அதன்பின் இடங்கொடாதவர்களை நான் மிக அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

இதை எனக்குக் கற்பித்தவரும் அந்தத் தமிழாசிரியரே. எதிர் இருக்கையின்மேல் செருப்புக்காலை நீட்டிக்கொண்டு, அயர்ந்து சாய்ந்தபடி வருகிற பிரயாணிகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஒரு மழைக்காலத்தில், சேறு படிந்த செருப்போடு ஓர் இளைஞர் அப்படிக் காலை நீட்டியிருந்தார். கிண்டியில் ஏறிய ஒருவர், “ஏன்யா, உனக்கு அறிவில்லையா? இது என்ன உங்கள் வீட்டுத் திண்ணையா?” என்று ஆரம்பித்தார். இளைஞர் காலை எடுக்கவில்லை, “நீ யார் கேட்பதற்கு?” என்று பதில் வந்தது. அதற்கு மேல் இருவரும் பேசியவை இங்கே எழுதத் தகுந்தவையல்ல. ஆசிரியர் தம் இடத்திலிருந்து எழுந்து வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து, அந்த இருக்கையின் ஓரத்தில் படிந்திருந்த சேற்றைத் துடைத்தபடியே, “தம்பி, காலைக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளப்பா. இவர் உட்காரட்டும், வேட்டி அழுக்காகிவிடும்” என்றார். இளைஞர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, “நான் துடைக்கிறேன், ஐயா” என்று எழுந்தார்; தம் கைக்குட்டையாலேயே துடைத்தார். கோட்டையில் இறங்கும்போது நான் ஆசிரியரைக் கேட்டேன், எப்படி அவ்வளவு சுலபமாக முடிந்தது என்று. “குற்றத்தைச் சொல்லாதே, காரியத்தைச் சொல்” என்றார். “காலை எடு என்றால் எடுத்துவிடுவான். அறிவில்லையா என்று கேட்டால், அறிவு இருக்கிறதென்று நிரூபிக்கத்தானே பார்ப்பான்? அதற்குக் காலை எடுப்பது உதவாது என்று நினைத்துக்கொள்கிறான்.” என் ஆயுளில் எத்தனையோ இடங்களில், ரயிலில் மட்டுமன்றி அலுவலகத்திலும் குடும்பத்திலும்கூட, அந்த வாக்கியம் எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

மூன்று பேர் சௌகரியமாக உட்காரக்கூடிய இருக்கையில் நான்காவது ஒருவருக்கு இடங்கொடுப்பது நம் மின்சார ரயிலில் எழுதப்படாத தர்மமாகவே இருந்துவந்திருக்கிறது. “கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்” என்ற வார்த்தை காதில் விழுந்ததும், மூவரும் இடுப்பைச் சற்றே அசைத்து, நாலு விரற்கடை இடம் உண்டாக்குவார்கள். வந்தவர் அதில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, மறுபாதியைத் தம் கால்களின் பலத்தில் தாங்கியபடி வருவார். சைதாப்பேட்டைக்குள் வண்டியின் குலுக்கலே அவருக்கு முழு இடத்தையும் சம்பாதித்துக் கொடுத்துவிடும். அவ்வாறு தள்ளி உட்காராமல், கால்களை அகட்டிக்கொண்டு, காது கேளாதவர் மாதிரி இருப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் ஒரு முறை இருந்தது. நிற்கிறவர் கேட்கமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார். “நான் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டேன் சார், நீங்களும் அப்படிக் கொஞ்சம்” என்று அவர் சொல்லும்போது, தாமே முதலில் விட்டுக்கொடுத்தவருடைய வார்த்தைக்கு ஒரு தனிப் பலம் வந்துவிடும்.

பத்திரிகை படிப்பவர்களாலும் தொல்லை உண்டு. அகலமான ஆங்கிலத் தினசரியை இரு கைகளாலும் முழுக்க விரித்துக்கொண்டு, வலப்பக்கத்தவர் மூக்கையும் இடப்பக்கத்தவர் கண்ணாடியையும் காகிதத்தால் தடவியபடி தலையங்கம் வாசிப்பவர் ஒருவர் எங்களோடு வந்தார். நெடுநாள் பிரயாணிகள் அதே பத்திரிகையை எட்டாக மடித்து, ஒரு பத்தியளவில் கையடக்கமாக வைத்துக்கொண்டு, பக்கத்தவர் தோளில் படாமல் திருப்பித் திருப்பிப் படிக்கிற வித்தையில் தேர்ந்தவர்கள். ஒருநாள் ஒரு பெரியவர், அந்த மனிதரிடம் ஆட்சேபம் எதுவும் சொல்லாமல், “உள்பக்கத் தாளை நான் பார்த்துவிட்டுத் தரலாமா?” என்று கேட்டார். மற்றொருவர் விளையாட்டுப் பக்கத்தைக் கேட்டார். நுங்கம்பாக்கம் வருவதற்குள் அந்தப் பத்திரிகை நாலு பேர் கைகளில் நாலு தாளாக இருந்தது. எவர் முகத்திலும் காகிதம் படவில்லை. பல மாதங்கள் அது அப்படியே நடந்தது. பத்திரிகைக்காரர் தாமாகவே தாள்களைப் பிரித்து விநியோகம் செய்யும் அளவுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமைகளில் பாதி நாளோடு அலுவலகம் முடிந்துவிடுகிற காலம் அது. பிற்பகல் வண்டியில் சீட்டாட்டக்காரர்கள் களை கட்டிவிடுவார்கள். நால்வர் எதிரெதிராக அமர்ந்து, முழங்கால்களின்மேல் ஒரு கைப்பெட்டியைக் கிடத்தி, அதன்மேல் துண்டை விரித்துச் சீட்டைக் கலைத்துப் போடுவார்கள். ஆடுகிறவர் நால்வர், அவர்களுக்கு யோசனை சொல்லுகிறவர் நால்வர், சுற்றி நின்று வழியை அடைக்கிறவர் இன்னும் சிலர். அந்த வட்டத்துக்குள் வேறொருவர் போய் உட்கார்ந்தால், “கை போயிடும் சார், அந்தப் பக்கம் பாருங்க” என்று அனுப்பிவிடுவார்கள். பூக்கடையில் மல்லிகையும் கதம்பமும் கொள்முதல் செய்துகொண்டு, சைதாப்பேட்டையில் விற்பதற்காகப் போய்க்கொண்டிருந்த கிழவி ஒருத்தி, ஒரு சனிக்கிழமை கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர்கள் எதிரில் வந்து நின்றாள். ஈரத் துணியால் மூடியிருந்த கூடையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்து, அவளுடைய முழங்கை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரம் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கைப்பெட்டியின்மேல் விரித்திருந்த சீட்டுகளைச் சுட்டிக்காட்டி, “இன்னா நைனா, ராஜா ராணி எல்லாம் ஜம்முனு ஒக்காந்துகினு வராங்கோ. இந்தக் கெழவி மட்டும் நின்னுகினே வரணுமா?” என்றாள்.

பெட்டி முழுவதும் சிரித்தது. ஆடிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, “வாம்மா, நீ உட்காரு” என்று இடங்கொடுத்து, கூடையையும் தாமே வாங்கிக் கால்மாட்டில் வைத்தார். சைதாப்பேட்டையில் இறங்கும்போது, வேண்டாம் வேண்டாம் என்று அவர் மறுத்தும் கேளாமல், அவள் ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி, “வூட்ல அம்மாவுக்குக் குடு நைனா” என்று அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனாள். அதற்குப்பின் அந்தக் கோஷ்டி சீட்டாட்டத்தை விட்டுவிடவில்லை. ஆனால் நிற்கிற வயோதிகர் எவரேனும் கண்ணில் பட்டால், “ராணி வந்தாச்சு, எழுந்திரு” என்று ஒருவரையொருவர் எழுப்பிவிடுவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

பீடியும் சிகரெட்டும் அக்காலத்துப் பெட்டிகளில் சர்வசாதாரணம். ஜன்னலோரத்தில் ஒருவர் பற்றவைத்தால் அந்தப் புகை காற்றோடு திரும்பி உள்ளேதான் வரும். ஆஸ்துமாக்காரர்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கை மூடிக்கொண்டு வருவார்கள். இதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பிற்காலத்தில் நான் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167-ஆவது பிரிவு, பெட்டியில் உடன் வருகிற பிரயாணி ஒருவர் ஆட்சேபித்தால் அங்கே எவரும் புகைபிடிக்கலாகாது என்று விதிக்கிறது. அதற்கு முந்திய 1890-ஆம் ஆண்டுச் சட்டமும் சகபிரயாணிகளின் சம்மதத்தையே பிரமாணமாகக் கொண்டிருந்தது. போலீஸ்காரர் வரவேண்டும், டிக்கெட் பரிசோதகர் வரவேண்டும் என்று காத்திராமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாமானியருடைய வாய்ச்சொல்லுக்கே சட்டம் அவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. அந்த அதிகாரத்தை எங்களில் பெரும்பாலோர் அறிந்துகொள்ளவுமில்லை, உபயோகிக்கவுமில்லை. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் கண்டிப்போடு அமலுக்கு வந்தன. இன்று மின்சார ரயிலில் யாராவது பீடியை எடுத்தால், பத்துக் குரல்கள் ஒரே சமயத்தில் எழுகின்றன. ஒழியவே ஒழியாது என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு வழக்கம், சட்டமும் சகபிரயாணிகளின் நாவும் சேர்ந்தபோது ஒழிந்தே போயிற்று. ஆகையால், ‘நம் ஜனங்களைத் திருத்த முடியாது’ என்று யாராவது சலித்துக்கொண்டால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

இக்காலத்தின் பெருந்தொல்லை சப்தம். முன்பும் சப்தம் இருந்ததுதான். கிரிக்கெட் நடக்கிற நாட்களில் ஒருவர் டிரான்சிஸ்டர் ரேடியோவோடு ஏறுவார், “ஸ்கோர் என்ன சார்?” என்று பெட்டி முழுவதும் அவரைச் சூழ்ந்துகொள்ளும். அது எல்லோரும் விரும்பிக் கேட்ட சப்தம். அப்படிப்பட்ட ஒரு நாளில், ராத்திரி டூட்டி முடிந்து பார்க் நிலையத்தில் ஏறிய ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், உட்கார்ந்த மறுகணமே ஜன்னல் சட்டத்தில் தலையைச் சாய்த்து உறங்கிவிட்டார். எதிரே இருந்த அம்மாள் ரேடியோக்காரரைப் பார்த்து வாய் பேசவில்லை. உறங்குகிற அந்தப் பெண்ணைக் கண்ணால் காட்டினார், அவ்வளவுதான். அவர் உடனே சப்தத்தைக் குறைத்து, ரேடியோவைத் தம் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தின் போக்கை விரல்களாலேயே மற்றவர்களுக்குத் தெரிவித்துக்கொண்டு வந்தார். மீனம்பாக்கத்தில் அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டவரும் அவர்தாம்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரேடியோவும் சினிமாவும் சேர்ந்து இருக்கின்றன. ஒருவர் பாட்டு வைக்கிறார். இன்னொருவர் அரை நிமிஷத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். மூன்றாமவர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, தம் குடும்ப வழக்கைப் பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி பேசுகிறார். வேலையிலிருந்து களைத்துத் திரும்புகிற ஜனங்கள் காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாமல், வாயைத் திறக்கவும் மனமில்லாமல் சகித்துக்கொண்டு வருகிறார்கள். சமீபத்தில் அப்படி ஓர் இளைஞர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. ஆசிரியருடைய முறைப்படியே, “தம்பி, இந்த ஐயாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, சப்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறாயா?” என்று கேட்டேன். எதிரே ஒருவர் கையில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது உண்மை. அந்த இளைஞர் அதுவரையில் தலை நிமிர்ந்து அவரைப் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை. “சாரி தாத்தா, கவனிக்கல” என்று உடனே நிறுத்திவிட்டு, பையைத் துழாவிக் காதில் மாட்டிக்கொள்கிற கருவியை எடுத்தார். வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். யாரும் சொல்லாததுதான் குறை.

இறங்குமிடத்தில் நடக்கிற தள்ளுமுள்ளு வேறு விதம். மாம்பலம் நிலையத்தைச் சாயங்காலத்தில் பார்த்தவர்களுக்கு அதை விவரித்துச் சொல்லத் தேவையில்லை. ரங்கநாதன் தெருவில் ஜவுளியும் பாத்திரமும் வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளிலும் பைகளோடு வருகிற ஜனக்கூட்டம், வண்டி வந்ததும் மடை திறந்த வெள்ளமாக வாசலில் பாயும். இறங்குகிறவர்கள் உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்பார்கள். தீபாவளிக்கு முந்திய ஒரு நாள், கைக்குழந்தையோடு இறங்க முயன்ற ஒரு பெண்ணைக் கூட்டம் அப்படியே உள்ளே தள்ளிவிட்டது. அவளுடைய மூத்த பிள்ளை, ஐந்தாறு வயதுப் பையன், அதற்குள் பிளாட்பாரத்தில் குதித்துவிட்டான். அவள் வீறிட்ட குரல் இன்னும் என் செவியில் இருக்கிறது. வண்டி நகர்வதற்கு ஒரு கணம் முன்னால், வாசலில் நின்ற ஓர் ஆஜானுபாகுவான தொழிலாளி, இரு கைகளையும் குறுக்கே நீட்டிக் கதவின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, “எறங்கறவங்க மொதல்ல! புள்ளை கீழே நிக்குது!” என்று முழங்கினார். கூட்டம் ஸ்தம்பித்து நின்றது. அவள் அவருடைய கைக்கடியில் குனிந்து இறங்கிப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட அந்தத் தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்க எண்ணியவர் அல்லர். பின்னால் இருப்பவர் தள்ளுகிறார், ஆகையால் நானும் தள்ளுகிறேன் என்ற அளவில்தான் ஒவ்வொருவரும் நடந்துகொண்டார்கள்.

உள்ளே இடமிருந்தும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவர்களையும், ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு பெட்டியின் தகரத்தில் தாளம் தட்டிக் கானா பாடி வருகிற மாணவர்களையும் பற்றிச் சொல்லும்போது என் குரல் சற்றுக் கடுமையாகிவிடுகிறது. பாட்டின்பேரில் எனக்கு விரோதமில்லை; அவர்களில் சிலர் மிக நன்றாகப் பாடுவார்கள். ஆனால் 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பரங்கிமலை நிலையத்தில், வழக்கமான பாதையை விட்டு விரைவு வண்டிகளின் பாதையில் திருப்பிவிடப்பட்ட ஒரு மின்சார ரயிலில், படியில் தொங்கியவர்கள் பிளாட்பாரத்தோரத்துக் கான்கிரீட் தடுப்பில் மோதி உயிரிழந்த செய்தியை இந்த மார்க்கத்துப் பிரயாணிகள் எவரும் மறக்க இயலாது. படியில் நின்று பிரயாணம் செய்வதற்கு மூன்று மாதம் வரையில் சிறையோ ஐந்நூறு ரூபாய் வரையில் அபராதமோ உண்டு என்று சட்டம் சொல்லுகிறது. அதைக் காட்டிலும், “உள்ளே இடமிருக்கிறது, வாப்பா” என்று சொல்லி இரண்டடி நகர்ந்துகொள்கிற ஒரு பிரயாணி அதிகப் பிரயோஜனமானவர். வாசலருகே உள்ள கூட்டம் உள்பக்கமாக நகராதபோது, கடைசியில் ஏறுகிறவனுக்குப் படியைத் தவிர வேறு இடம் இருப்பதில்லை.

பெண்கள் பெட்டியின் சமாசாரங்களை என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூத்தொடுப்பதும், அவரைக்காய் நார் உரிப்பதும், வளைகாப்புக்கு நாள் குறிப்பதும் அங்கேயே நடந்தேறிவிடும். உரித்த நாரையும் ஆரஞ்சுத் தோலையும் இருக்கைக்கடியில் தள்ளிவிட்டு இறங்குகிற வழக்கமும் அங்கே இருந்தது. ஒரு மூதாட்டி அதைக் கண்டித்துப் பேசியதே இல்லையாம். தினமும் ஒரு வெற்றுக் காகிதப் பையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, “இதில் போடம்மா, நான் இறங்கும்போது எடுத்துக்கொண்டு போகிறேன்” என்பாராம். கொஞ்ச நாளில், அவருக்கு அந்தச் சிரமம் எதற்கு என்று வெட்கப்பட்டு, அவரவர் பையை அவரவரே கொண்டுவரத் தலைப்பட்டார்கள்.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. அதன் கதவுகள் தாமாக மூடிக்கொள்கின்றன. அதில் யாரும் படியில் தொங்க முடியாது. இந்த அபிவிருத்தியை நான் மனமார வரவேற்கிறேன். எல்லா வண்டிகளுக்கும் அத்தகைய கதவுகள் வரவேண்டும் என்றும், கூட்ட நேரத்தில் வண்டிகளின் எண்ணிக்கை பெருக வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். மக்களை இவ்வளவு நெருக்கத்தில் அடைத்து அனுப்பிவிட்டு, ஒழுங்கை மட்டும் அவர்களிடமே எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆயினும், பக்கத்தவர் தள்ளி உட்காருவதையும், பாட்டின் சப்தத்தைக் குறைப்பதையும், இறங்குபவருக்கு வழிவிடுவதையும் எந்த இயந்திரத்தாலும் செய்துகொடுக்க இயலாது. அவற்றை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அன்பர்களே, நாளைக் காலையில் நீங்கள் வண்டி ஏறும்போது, இறங்குகிறவர்கள் இறங்கி முடிகிற வரையில் பொறுங்கள். ஏறியதும் வாசலை விட்டு உள்ளே நகருங்கள். முதுகுப் பையைக் கழற்றிக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டு உங்கள் காதோடு இருக்கட்டும். எவரேனும் இடைஞ்சல் செய்யக் கண்டால், மனத்துக்குள் குமுறிக்கொண்டும் இராதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். ஓர் உறவுமுறை சொல்லி அழைத்து, என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். பத்துப் பேரிடம் சொன்னால் ஒன்பது பேர் கேட்பார்கள்; கேளாத அந்த ஒருவருக்காக மற்ற ஒன்பது பேரிடமும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.